ரயிலுக்குத் தடி போடுகிறவர்கள்

திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் பாதகமில்லை. உங்கள் ஊரில் ஓடும் தேரை நினைத்துக் கொள்ளுங்கள். முன்னால் வடம் பிடித்து இழுக்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். கூட்டம் அவர்களைத்தான் பார்க்கிறது. படம் பிடிக்கிறவர்களும் அவர்களைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் எத்தனை பேர் இழுத்தாலும் தேர் 'நகர மாட்டேன்' என்று நின்றுவிடும் நேரம் ஒன்று உண்டு. அப்போது, "தடி போடுங்கப்பா!" என்று ஒரு குரல் எழும். பின் சக்கரத்துக்கு அடியில் கனத்த மரத்தடிகளைக் கொடுத்து, அவற்றின் மேல் ஆட்கள் ஏறி நெம்புவார்கள். தேர் ஒரு குலுங்குக் குலுங்கிக் கிளம்பும். எல்லோரும் சுவாமியைப் பார்த்துக் கும்பிடுவார்கள். தடி போட்டவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரயிலுக்கும் இப்படித் தடி போடுகிறவர்கள் உண்டு என்றால் நம்புவீர்களா? நான் அவர்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இந்தியாவிலேயே பெயர் பெற்ற ஓர் ஏற்றத்தில், போர்காட் என்னும் மலைத் தடத்தில், அவர்கள் இரவும் பகலும் வேலை செய்கிறார்கள். வாருங்கள், உங்களையும் அழைத்துப் போகிறேன். கூட என் சித்தியும் வருகிறாள். இந்தப் பிரயாணமே அவளுக்காகத்தான்.

பாங்கர் வந்தாரா?

சித்திக்கு வயது எழுபத்தேழு. 1966-ல் கல்யாணமாகிச் செங்கோட்டையிலிருந்து மும்பைக்கு வந்தவள். அவளுக்கு அது இன்றைக்கும் பம்பாய்தான். மாதுங்காவில் இரண்டே அறை உள்ள வீட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம். சித்தப்பா காலமாகிவிட்டார். செங்கோட்டையில் இருக்கும் மகள், "இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், இங்கே வந்துவிடு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மூட்டை கட்டி, சித்தியைக் கொண்டு போய்ச் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மத்தியானம் மும்பையிலிருந்து புறப்படும் சென்னை எக்ஸ்பிரஸில் ஏறினோம். மறுநாள் சென்னை, அங்கிருந்து இன்னொரு ரயிலில் செங்கோட்டை.

கல்யாண் தாண்டியதும் நெரிசல் குறைந்து, ஜன்னலுக்கு வெளியே வயல்களும் பனைகளும் வந்தன. தூரத்தில் நீலமாக ஒரு சுவர். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. நம் குற்றாலத்தில் சாரலாகத் தூவுகிற அதே மலையின் வடக்குத் தோள்.

"கர்ஜத் வந்தாச்சா? பாங்கர் வரணும்லா?" என்றாள் சித்தி.

எங்கள் எதிரே இருந்த இளைஞன் விழித்தான். பாட்டியம்மாளைப் பார்க்க பாங்கியிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. சித்தி சிரித்துவிட்டாள்.

"நானும் அப்படித்தாம்பா நினைச்சேன். 1968-ல தலைப் பிரசவத்துக்கு ஊருக்குப் போறேன். கர்ஜத்துல வண்டி நிக்கிது. 'ஏன் நிக்கி?'ன்னு கேட்டேன். 'பாங்கர் வரணும்'னாங்க உங்க சித்தப்பா. ஒரு பணக்காரருக்காக இத்தனை சனமும் காத்துக் கிடக்கணுமான்னு எனக்குக் கோவம் வந்துட்டு!"

உங்களுக்கும் குழப்பம் வேண்டாம். ஆங்கில ரயில்வேக்காரர்களின் பேச்சில் 'பாங்க்' என்றால் மேடு, ஏற்றம். அந்த ஏற்றத்தில் ரயிலுக்குத் துணை செய்கிற எஞ்சின் 'பாங்கர்'. பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோள் கொடுப்பது மட்டுமே இதன் தொழில்.

கர்ஜத் வடை

கர்ஜத் ஸ்டேஷன் மும்பையிலிருந்து 100 கிலோமீட்டர். வண்டி நின்றதும் பாதிப் பேர் பிளாட்பாரத்தில் குதித்தார்கள். எதற்கு? வடைக்கு! நம் ஊர் உருளைக்கிழங்கு போண்டாவின் உடன்பிறந்த தம்பியான படாட்டா வடை இங்கே வெகு பிரசித்தம். காய்ந்த மிளகாய், பூண்டுப் பொடியோடு, ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சுடச்சுடத் தருகிறார்கள். பாங்கர் சேரும் வரையில் வண்டி நின்றுதானே ஆக வேண்டும்? அந்தச் சில நிமிஷங்களை நம்பித்தான் கர்ஜத்தின் வடை வியாபாரம் வளர்ந்தது.

நான் வடைப் பக்கம் போகவில்லை. நேரே வண்டியின் வாலுக்கு நடந்தேன். கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். 'இதோடு ரயில் முடிந்தது' என்பதற்கு அது அடையாளம். ஆனால் கர்ஜத்தில் ரயில் அதோடு முடிகிறதில்லை. ஜோடியாகக் கோர்த்த இரண்டு மின்சார எஞ்சின்கள் பின்னாலிருந்து பூனை போல் ஊர்ந்து வந்தன. மெதுவாக வந்து கடைசிப் பெட்டியைத் தொட்டன. ஓர் ஆள் தண்டவாளத்தில் இறங்கிக் கொக்கியை இணைத்தார்; பிரேக்குக்குக் காற்றுப் போகும் ரப்பர்க் குழாயை மாட்டினார். சோதனை நடந்தது. முன் எஞ்சின் எங்கோ தொலைவில் ஊதியது. பின்னால் இருந்தது பதிலுக்கு ஊதியது. 'தயாரா?' 'தயார்!'

ஓடி வந்து ஏறிக்கொண்டேன். எங்கள் பெட்டியில் புதிதாக ஒரு பெரியவர் ஏறியிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை. புணேவில் மகன் வீட்டுக்குப் போகிறாராம். சித்தி அவரிடம் மராத்தியில் பேச்சுக் கொடுத்தாள். ஐந்தே நிமிஷத்தில் அவர் சித்தியை 'மாவ்ஷி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மராத்தியில் மாவ்ஷி என்றால் என்ன தெரியுமா? தாயின் சகோதரி. நம் சித்திதான்!

பேச்சு வாக்கில் வெளிவந்தது சங்கதி. அவர் எஞ்சின் டிரைவராயிருந்து ஓய்வு பெற்றவர். அதிலும் பல வருஷம் பாங்கர் ஓட்டியவர். தேடிப் போன மூலிகை காலில் சிக்கினாற்போல் இருந்தது எனக்கு.

முப்பத்தேழுக்கு ஒன்று

வண்டி புறப்பட்டதும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. சாதாரணமாக ரயில் கிளம்பும்போது முன்னாலிருந்து ஓர் இழுப்பு வரும். இப்போது முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்து 'நட' என்றாற்போல் இருந்தது. பளஸ்தரி ஸ்டேஷன் கழிந்ததும் ஏற்றம் தொடங்கியது.

இந்த ஏற்றத்தின் கடுமையான இடங்களில் கணக்கு 37-க்கு 1. அதாவது 37 அடி முன்னால் போனால் 1 அடி மேலே ஏறுகிறோம். 'இவ்வளவுதானா? எங்கள் மாடிப்படி இதைவிடச் செங்குத்தாயிற்றே!' என்பீர்கள். மனிதனுக்கு இது ஏற்றமே இல்லைதான். ஆனால் ரயில் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. வழவழப்பின் மேல் வழவழப்பு. சமதளத்தில் அதுதான் ரயிலுக்கு வரம். கொஞ்சம் இழுத்தாலும் உருண்டு கொண்டே போகும். மலையில் அதே வரம் சாபமாகிவிடுகிறது.

பெரியவர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார். ஏறக்குறைய 1,100 டன் எடையுள்ள ஒரு ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 37-க்கு 1 ஏற்றத்தில் அதைப் பூமி பின்னோக்கி இழுக்கும் இழுப்பு மட்டும் சுமார் 30 டன். முன் எஞ்சின் தன்னையும் தூக்கிக்கொள்ள வேண்டுமே, அதற்கு இன்னும் 3 டன். எஞ்சினின் எடையோ 120 டன்னுக்குச் சற்று அதிகம். அந்த எடையில் கால் பங்கு அளவுக்குத்தான் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், பிடி 30 டன். தேவை 33, கையிருப்பு 30. எஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி இருந்தும் என்ன? பிடி போதாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மழைக்காலம் ஆனால் கேட்க வேண்டியதே இல்லை. தண்டவாளத்தில் மணலைத் தூவித்தான் பிடிப்பு உண்டாக்க வேண்டும். அதற்கென்று எஞ்சினிலேயே மணல் பெட்டி இருக்கிறது.

"அப்படியானால் இன்னும் இரண்டு எஞ்சினை முன்னாலேயே கட்டி இழுக்கக் கூடாதா? பின்னால் போய்த் தள்ளுவானேன்?" என்று கேட்டேன்.

அவர் என் துண்டை வாங்கி ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறு முனையைப் பிடித்து இழுத்தார்.

"எல்லா இழுப்பும் முன்னாலிருந்தே வந்தால், முதல் பெட்டியின் கொக்கி முழு ரயிலின் பாரத்தையும் தாங்க வேண்டும். அது அறுந்தால்?" என்று சொல்லித் துண்டை விட்டார். நான் பின்னால் சாய்ந்தேன். "பெட்டிகளெல்லாம் இப்படித்தான் கீழே உருளும். பாங்கர் பின்னால் இருந்தால் பாரம் பங்காகிறது. அதையும் மீறிக் கொக்கி அறுந்தால் அது பிடித்து நிறுத்தும். எங்களைத் 'தள்ளுகிறவர்கள்' என்று சொல்கிறார்கள். தள்ளுவது பாதி வேலைதான் ஸாகேப். விழாமல் தாங்குவது மறு பாதி."

இதைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் தேர்தான் நினைவுக்கு வந்தது. தேரின் பின்னால் தடி போடுகிறவர்கள் ஒரு பக்கம். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரை நிறுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். பாங்கர் இரண்டு வேலையையும் ஒருங்கே செய்கிறது. தடியும் அதுவே, முட்டுக்கட்டையும் அதுவே.

எங்கும் போகாத தண்டவாளம்

ஒன்றன்பின் ஒன்றாகக் குகைகள் வந்தன. இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். குகைகளுக்கு நடுவே ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கீழே கிடுகிடு பள்ளம். மழைக்காலத்தில் இந்தப் பாறைகளிலெல்லாம் வெள்ளி நூல் போல் அருவிகள் தொங்கும். அதே மழைதான் மண்ணையும் பாறையையும் தண்டவாளத்தில் உருட்டிவிடும். 2019-ம் வருஷத்து மழை மங்கி ஹில் பக்கத்தில் பாதையைச் சேதப்படுத்தி, மாதக்கணக்கில் போக்குவரத்தைச் சிரமப்படுத்தியது.

டாக்குர்வாடி அருகே ஒரு விசித்திரத்தைக் கண்டேன். பிரதான பாதையிலிருந்து ஒரு தண்டவாளம் பிரிந்து மலைப் பக்கம் மேல் நோக்கி ஏறிப் போய், மண்மேட்டில் முட்டி நின்றுவிட்டது. எங்கும் போகாத தண்டவாளம்!

"அது இறங்கி வருகிற வண்டிகளுக்கு" என்றார் பெரியவர். மலையிலிருந்து இறங்கும் வண்டி குறிப்பிட்ட இடங்களில் நின்று, பிரேக் கட்டுக்குள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டினால்தான் நேர் வழி திறக்கும். அது வரையில் பாதை இந்த முட்டுச் சந்துப் பக்கமே திருப்பி வைக்கப்பட்டிருக்கும். பிரேக் பிடிக்காமல் ஒரு வண்டி ஓடி வந்தால் இந்த ஏற்றத்தில் ஏறி வேகம் அடங்கி நிற்கும். பயந்து பயந்து யோசித்து வைத்த ஏற்பாடு.

பயப்படக் காரணமும் இருந்தது. இந்தப் பாதை 1856-ல் கட்டத் தொடங்கி 1863-ல் திறக்கப்பட்டது. 25 குகைகள்; சுமார் 1,830 அடி உயரம் ஏற வேண்டும். அந்நாளில் ஒரே மூச்சில் ஏற வழி காணாமல், பாதி மலையில் ஒரு திருப்பு நிலையம் அமைத்தார்கள். வண்டி அங்கே போய் மலை விளிம்பில் நிற்கும். எஞ்சினைக் கழற்றி மறு முனையில் மாட்டி, வந்த திசைக்கு எதிர்த் திசையில் ஏறும். 1869-ல் இறங்கி வந்த ஒரு ரயில் பிரேக் பிடிபடாமல் அந்த விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1867-ல், மலைச்சரிவில் ஒரு பெரிய பாலமே இடிந்து விழுந்தது. புதுக் குகைகள் குடைந்து திருப்பு நிலையத்தை ஒழித்தது 1929-ல்தான். அதே சமயத்தில் மின்சாரமும் வந்தது.

மின்சாரத்தோடு வந்த எஞ்சின்களில் ஒரு வகைக்கு நீண்ட மூக்கு முன்னும் பின்னும் இருக்கும். ஐரோப்பாவில் அந்த ஜாதியை 'முதலை' என்பார்கள். நம் ஆட்கள் அதற்கு 'கேக்டா', அதாவது நண்டு, என்று பெயரிட்டார்கள். சாமான் வண்டி இழுக்க வந்த அந்த நண்டுகள் இந்த மலையில் பாங்கராகவும் உழைத்தன. சித்தி 1968-ல் பார்த்த 'பாங்கர்' அநேகமாக ஒரு நண்டாகத்தான் இருந்திருக்கும்.

பெயர் தெரியாதவர்கள்

இந்தப் பாதையைக் கட்டிய கதையில் ஒரு பெண்மணி வருகிறார். காண்டிராக்டை எடுத்துக்கொண்டு 1859-ல் இங்கிலாந்திலிருந்து வந்த சாலமன் டிரெட்வெல், வந்த சில வாரங்களிலேயே நோயில் இறந்து போனார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் கப்பலேறித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. காண்டிராக்டைத் தம் பெயரில் ஏற்று, தக்க எஞ்சினீயர்களை வைத்து வேலையை முடித்துக் கொடுத்தார். சரித்திரம் அவர் பெயரையாவது வைத்திருக்கிறது. 1861-ல் இங்கே வேலை செய்த கூலிக்காரர்கள் 42,000 பேர். காலராவிலும் காய்ச்சலிலும் வெடி விபத்திலும் மாண்டவர்கள் ஏராளம். அவர்கள் பெயரை யார் வைத்திருக்கிறார்கள்?

பக்கத்தில் மோட்டார் ரோடு ஏறும் மலைச்சரிவில் சிங்ரோபா என்ற ஆட்டிடையனுக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. மலையில் வழி தெரியாமல் திண்டாடிய வெள்ளைக்காரர்களுக்கு வழி காட்டியவன் அவன் என்றும், காட்டிய பிறகு அவனையே கொன்றுவிட்டார்கள் என்றும் ஜனங்கள் சொல்லுகிறார்கள். உண்மையோ, கதையோ! லாரிக்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கோயில் முன் காசு போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நமக்கு வழி காட்டியவனுக்கு ஒரு காசாவது போட வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதானே?

பெரியவரிடம் பாங்கர் டிரைவரின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டேன்.

"என்ன சொல்ல? முன்னால் போகிறவனுக்கு வழி தெரியும், சிக்னல் தெரியும், வளைவு தெரியும். எங்களுக்குத் தெரிவது கடைசிப் பெட்டியின் முதுகும் அந்தப் பெருக்கல் குறியும்தான். முன்னால் இருப்பவன் ஊதுவதைக் கேட்டு நாங்கள் செய்ய வேண்டும். இப்போது பேசிக்கொள்ள வாக்கி டாக்கி இருக்கிறது. அவன் நிறுத்தும்போது நாங்கள் தள்ளிக்கொண்டே இருந்தால் நடுப் பெட்டிகள் நசுங்கி, வளைவில் தடம் புரளும். அவன் இழுக்கும்போது நாங்கள் சும்மா இருந்தால் கொக்கிக்கு ஆபத்து. அதிகமாகவும் தள்ளக் கூடாது, குறைவாகவும் தள்ளக் கூடாது."

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "சென்னை வண்டி, ஹைதராபாத் வண்டி, கன்னியாகுமரிப் பக்கத்து வண்டி, எல்லாவற்றையும் நான் மலையேற்றியிருக்கிறேன். ஆனால் பாங்கர் டியூட்டியில் லோணாவளாவைத் தாண்டி ஒரு தரமும் போனதில்லை. மேலே ஏற்றிவிட வேண்டியது. கழற்றிக்கொண்டு கீழே இறங்க வேண்டியது. அடுத்த வண்டியின் முதுகில் போய் நிற்க வேண்டியது."

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த சித்தி, "எங்க செங்கோட்டையிலயும் உண்டு, பாவு!" என்று ஊர்ப் பெருமையை எடுத்துவிட்டாள். நியாயந்தான். செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை 1904-ல் திறந்தது. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதையாகி 2018-ல் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியபோதும், அந்த ஏற்றத்துக்குப் பின்னால் ஓர் எஞ்சின் தேவைப்பட்டது. நீலகிரி ரயிலைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன்! கல்லாறிலிருந்து குன்னூர் வரையில், ஏறக்குறைய 12-க்கு 1 என்ற பயங்கர ஏற்றத்தில், அங்கே இருப்பது ஒரே எஞ்சின். அது முன்னால் நின்று இழுப்பதே இல்லை. பல் சக்கரத்தால் நடுத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு, பின்னால் நின்று பெட்டிகளைத் தாங்கித் தள்ளிக்கொண்டே போகிறது. குழந்தையை முன்னே விட்டுப் பின்னே நடக்கும் தாய் மாதிரி.

லோணாவளாவில்

கண்டாலா வந்தது. 'நாகபணி' என்னும் சிகரம் படமெடுத்த பாம்பு போல் நின்றது. வெள்ளைக்காரர்கள் அதில் வெலிங்டன் பிரபுவின் மூக்கைக் கண்டு, 'டியூக்ஸ் நோஸ்' என்று பெயர் வைத்தார்கள். அவரவர் கண்ணுக்கு அவரவர் சுவாமி! இங்கேதான் மோட்டார் ரோட்டின் மேல் 'அம்ருதாஞ்சன் பாலம்' என்று ஒரு பழைய பாலம் இருந்தது. நம் சென்னைக்காரர்களின் தலைவலித் தைல விளம்பரத்தால் அந்தப் பெயர் வந்தது. 2020-ல் அதை இடித்துவிட்டார்கள்.

கர்ஜத்திலிருந்து 28 கிலோமீட்டர் ஏறி லோணாவளாவில் வண்டி நின்றது. கொக்கியைக் கழற்றுகிற சத்தம் எங்கள் பெட்டி வரைக்கும் கேட்கவில்லை. உள்ளே யாரும் கவனிக்கவுமில்லை. எல்லோருக்கும் 'சிக்கி' வாங்குகிற அவசரம். சிக்கி வேறொன்றுமில்லை, நம் கடலை மிட்டாய்தான். ரயில் பாதை போட்ட கூலிக்காரர்களுக்கு வெல்லமும் கடலையும் பசி தாங்கக் கொடுத்ததில் பிறந்தது என்று சொல்வதுண்டு.

"என்னைக் கொஞ்சம் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போலே" என்றாள் சித்தி.

கைபிடித்து அழைத்துப் போனேன். பிளாட்பாரம் வளைந்திருந்ததால் வண்டியின் வால் தெரிந்தது. இரண்டு பாங்கர்களும் பெருக்கல் குறியை விட்டுப் பிரிந்து, மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. ஊதவில்லை. எங்கள் வண்டிதான் புறப்படும்போது ஊதிற்று. இனி முன்னே இருப்பது தக்காணத்துச் சமவெளி. ஒற்றை எஞ்சின் போதும்.

"நமக்கென்ன, ஏறியாச்சு. அது திரும்ப இறங்கிப் போய் அடுத்ததைத் தள்ளணும்லா?" என்றாள் சித்தி.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. காரணத்தை உங்களிடம் சொல்லாமல் இருப்பது முறையல்ல.

1981-ல் நான் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய இடம் சித்தியின் மாதுங்கா வீடு. எனக்கு முன்னும் ஊர்ப் பையன்கள் பலர் அங்கே இருந்து வேலை தேடிப் போயிருக்கிறார்கள், பின்னும் வந்தார்கள். நான் வந்த சில மாதத்தில், 1982 ஜனவரியில், பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சித்தப்பா ஒரு மில்லில் குமாஸ்தா. சம்பளம் நின்றது, மில் அப்புறம் திறக்கவேயில்லை. சித்தி கல்லுரலில் இட்லி மாவு ஆட்டி அக்கம்பக்கத்தில் விற்றாள். அந்தக் காசில் அவர்கள் மூன்று பேரோடு நானும் சாப்பிட்டேன். 'நான் ஊருக்குப் போய்விடுகிறேன் சித்தி' என்று ஒரு நாள் சொன்னேன். 'பாதி மலையில நின்னா பின்னாலதாம்லே உருளுவே. பேசாம ஏறு' என்றாள். 1983-ல் எனக்கு வேலை கிடைத்தது. புணேயில். இதே லோணாவளாவைத் தாண்டித்தான் போனேன். முதலில் மாதம் ஒரு தடவை சித்தி வீட்டுக்கு வந்தேன். பிறகு தீபாவளிக்குத் தீபாவளி. பிறகு பொங்கல் வாழ்த்துக் கடிதம். பிறகு அதுவும் இல்லை. ஏறியாயிற்று அல்லவா?

சித்தி அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால்தான் அவளைக் கொண்டு போய்ச் சேர்க்க ஆள் வேண்டும் என்றபோது, 'நான் போகிறேன்' என்று முந்திக்கொண்டேன். கடன் தீர்ந்தது என்று சொல்லவில்லை. ஒரு காசு போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என்ன ஆகும்?

பாங்கர்களின் காலம் என்றைக்கும் நிலைக்குமா? மாறுதல் தொடங்கிவிட்டது. 2019-ல் மும்பை ராஜ்தானி எக்ஸ்பிரஸுக்கு முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின் நிரந்தரமாக மாட்டி, கசாரா பக்கத்து மலையில் பாங்கருக்காகக் காத்திராமல் ஏற்றினார்கள். 2023-ல் மும்பை – சோலாப்பூர் வந்தே பாரத் ரயில் இந்தப் போர்காட்டில் பாங்கரே இல்லாமல் ஏறியது. அதில் மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே பரவலாக இருக்கின்றன. தேரில் அமர்ந்தவர்களே இறங்கித் தள்ளுவது போல என்று சொல்லலாமா! இதனால் நேரம் மிச்சம், வேகம் அதிகம். நல்லதுதான். ஆனாலும் கனத்த சாமான் வண்டிகளும், நம் ஊர்ப் பக்கம் வரும் நீண்ட எக்ஸ்பிரஸ் வண்டிகளும் கர்ஜத்தில் நின்று பாங்கருக்குக் காத்திருக்கின்றன.

ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? மும்பைக்குப் போகிறவனை யாரும் தள்ள வேண்டியதில்லை. மலையிலிருந்து தானே உருண்டு போய்விடுவான், பிரேக் பிடித்தால் போதும். ஊருக்குத் திரும்புகிறவனைத்தான் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருக்கிறது!

மூன்றாம் நாள் காலை செங்கோட்டையில் இறங்கினோம். மலை மேல் மேகம் கவிந்திருந்தது. ஸ்டேஷனுக்கு மகள் வந்திருந்தாள். 1968-ல் கர்ஜத்துக்கு மேலே பாங்கர் தள்ளி ஏற்றிய அந்தக் கர்ப்பத்தில் இருந்தவள் இவள்தான். தாயைக் கட்டிக்கொண்டாள். நான் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, புறப்படுவதாகச் சொன்னேன்.

"இருந்து சாப்பிட்டுட்டுப் போலே. என்ன அவசரம்?" என்றாள் சித்தி.

இருந்து, சாப்பிட்டு, நான்கு நாள் கழித்துத்தான் கிளம்பினேன்.

வாசகர்களே! நீங்கள் எப்போதாவது மும்பையிலிருந்து அந்த வழியாக ஊர் திரும்ப நேர்ந்தால், கர்ஜத்தில் வடை வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியின் வால் வரைக்கும் ஒரு நடை நடந்து பாருங்கள். அங்கே பெருக்கல் குறியைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அவர் உங்களோடு லோணாவளா வரைக்கும்தான் வருவார்.